ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் தேக்கு ஆப்பு

"மூணாவது தடவையும் எரிஞ்சு போச்சு. நீ சுத்துன மோட்டாருதான்."

இசக்கியப்பன் சொன்னது இவ்வளவுதான். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் மோட்டாரைத் தூக்கி வந்து கடை வாசலில் போட்டார்கள். தரை அதிர்ந்தது.

செங்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரம் போட்ட கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது மரியபுஷ்பத்தின் தொழில். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இசக்கியப்பனுக்கு அறுபத்திரண்டு. புளியரை ரோட்டில் மர அறுவை மில் வைத்திருக்கிறார், கூடவே தச்சுப் பட்டறையும்.

வாங்க அண்ணாச்சி என்று அவள் சொன்னாள். அவர் கேட்காத மாதிரி நின்றார்.

அவள் போல்ட்டுகளைக் கழற்றினாள். மூடியை எடுத்துவிட்டுக் குனிந்து மோந்து பார்த்தாள்.

"எரியறதுக்கு முன்னாடி என்ன சொல்லிச்சு அண்ணாச்சி?"

"யாரு?"

"மோட்டாரு."

"மோட்டாரு பேசுமா?"

அவள் கையைத் துடைத்தாள்.

அவருக்கு எரிச்சல் வந்தது. வந்த விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு அறுபது பெஞ்சு. பழைய பெஞ்செல்லாம் மழைத்தண்ணீரில் ஊறிப் போயிற்று. பள்ளி திறக்க இன்னும் பதினேழு நாள். பெஞ்சு வராவிட்டால் பிள்ளைகள் ஈரச் சிமெண்டுத் தரையில்தான் உட்கார வேண்டும். தலைமையாசிரியையிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. மரமும் வந்து இறங்கிவிட்டது. வட்ட ரம்பம் மட்டும் சும்மா நிற்கிறது. இந்தத் தடவை நல்ல தடித்த கம்பியாகப் போட்டு, எரியாத மோட்டாராகச் சுற்றிக் கொடு.

"எரியாத மோட்டாரு என்கிட்ட இல்ல."

"பின்ன யாருகிட்ட இருக்கு?"

அவள் சுவரைக் காட்டினாள்.

சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் கைப்பிடி அளவு கருகின கம்பி. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டைத் துண்டு, அதில் ஊரும் பேரும். இரண்டு அட்டையில் இசக்கியப்பன் என்று எழுதியிருந்தது.

ஒரு சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பண்பொழித் தோட்டத்து மோட்டார். பாதிக்கு மேல் கரி, மீதி பளபளவென்று புதுசு மாதிரி. மூன்று லைனில் ஒரு லைன் போய்விட்டது, மிச்ச இரண்டும் இழுத்து இழுத்து எரிந்தது என்றாள்.

அப்புறம் அவருடைய சுருளைக் கொடுத்தாள். சுற்றி வர ஒரே கறுப்பு. ஒரு இடம் பாக்கியில்லை.

"உங்களுக்குக் கரண்ட்டு குறையல அண்ணாச்சி. பாரந்தான் கூடியிருக்கு."

"பாரம் இழுக்கத்தான மோட்டாரு?"

அவள் சுருளை வாங்கி மேசைமேல் வைத்தாள். மேசை ஒரு பக்கம் சாய்ந்து டொக்கென்றது. எதை வைத்தாலும் எடுத்தாலும் அது டொக்கென்றுகொண்டே இருந்தது. வந்ததிலிருந்து அது அவர் காதைக் குடைந்தது. ஒரு கால் அரை விரற்கடை குட்டை. மரவேலைக்காரனுக்கு அதற்கு மேல் பொறுக்காது.

"நாலு கால் மேசையை நிக்க வைக்கத் தெரியல. நீ மோட்டாருக்கு நியாயம் பேசுத."

"ஆமா அண்ணாச்சி" என்றாள் அவள்.

ஆமா என்று சொல்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? அவர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

*

மூன்றாம் நாள் மில்லுக்கு மோட்டார் வந்தது. கூடவே அவளும் வந்தாள். மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றாள்.

ரம்பத்தடியில் சுடலைமணி நின்றிருந்தான். இசக்கியப்பனின் மனைவிக்குத் தம்பி. ரம்பத்துக்கு மரம் கொடுக்கிறவன் அவன்தான். இருபத்தாறு வருஷமாக அந்த வேலை, பத்து விரலும் முழுசாக இருக்கிறது. அந்தத் தொழிலில் அது சாதாரண விஷயம் இல்லை. யார் வந்தாலும் கும்பிடுவதற்குப் பதில் பத்து விரலையும் விரித்து ஆட்டிக் காட்டுவான். அவளுக்கும் காட்டினான்.

அவள் மோட்டாரை மாட்டினாள். பிறகு கொட்டகையின் மறுகோடிக்குப் போனாள். அங்கேதான் சுவரில் மெயின் சுவிட்சும் ஸ்டார்ட்டர் பெட்டியும் இருந்தன. ரம்பத்திலிருந்து நாற்பது அடி. நடுவில் ஆளுயரத்துக்கு மரம் அடுக்கியிருந்தது.

ஸ்டார்ட்டர் என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு காந்தம் ஒரு கட்டையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் ஓடும். பாரம் அளவுக்கு மேல் போனாலும் கரண்ட்டு நின்றாலும் காந்தம் கையை விட்டுவிடும். மறுபடி ஆள் வந்து பச்சையை அமுக்கினால்தான் ஓடும்.

அவள் மூடியைத் திறந்தாள்.

அந்தப் பெட்டியில் காந்தத்துக்கு ஒரு வேலையும் இல்லை. கட்டையை ஒரு மர ஆப்பு அழுத்திப் பிடித்திருந்தது.

போன வருஷம் ஸ்டார்ட்டர் ஒரு நாளில் எட்டுத் தடவை விட்டது. ஒன்பதாவது தடவை இசக்கியப்பன் ஆப்பு வைத்துவிட்டார். அதற்கப்புறம் ரம்பம் நிற்கவே இல்லை. நிறுத்த வேண்டுமானால் மெயினை இறக்குவார்கள். கரண்ட்டு போய் வந்தால் ரம்பம் தானாக ஓடும். மோட்டார் எரிந்தால் மட்டும் நிற்கும்.

ஆனால் ஆப்பு நல்ல ஆப்பு. அவர் கையால் செய்தது. இழைத்து, ஓரம் மழுக்கி, வார்னிஷ் போட்டு, தொலைந்து போகாமல் இருக்க ஒரு துளை போட்டுக் கயிறும் கட்டியிருந்தார்.

அவள் நிறைய நேரம் அதையே பார்த்தாள்.

"நல்ல வேலைப்பாடு."

"நிலம்பூர் தேக்கு" என்றார் அவர்.

அவள் அதை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பியூஸில் எதற்கும் உருகாத கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மெல்லிய கம்பி போட்டாள். மோட்டார்மேல் அடித்திருந்த எண்ணைப் படித்துவிட்டு வந்து, பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகை அந்த எண்ணுக்குத் திருப்பினாள். மூடியைப் போட்டாள். இரண்டு திருகு இருந்த மூடிக்குப் பையிலிருந்து இன்னும் இரண்டு எடுத்து நான்காகப் போட்டாள். நாலாவதை இறுக்கும்போது பல்லைக் கடித்தாள்.

மெயினை ஏற்றிவிட்டுப் பச்சையை அமுக்கினாள். ரம்பம் பாடியது. சிவப்பை அமுக்கினாள். நின்றது.

சுடலைமணி வாய் பிளந்தான். சிவப்புப் பொத்தானை ஒரு வருஷமாக யாரும் தொட்டதில்லை.

"ஆப்பு?" என்றார் இசக்கியப்பன்.

"என்கிட்ட இருக்கட்டும். ரம்பம் நின்னா வந்து சொல்லுங்க."

*

அன்றைக்கு மத்தியானமே மூன்று தடவை நின்றது.

மறுநாள் அவர் கடைக்குப் போனார்.

"நிக்குது."

"எப்ப நின்னுது?"

"வேலை செய்யும்போது."

"பாத்துட்டு வந்து சொல்லுங்க அண்ணாச்சி."

எட்டு கிலோமீட்டர். போய் வர ஒரு மணி நேரம். வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டே திரும்பினார். ரம்பத்துக்கு எதிரே ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்து பார்த்தார். வருஷக்கணக்காக அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. அத்தானுக்கு முதுகுவலி போல என்றான் சுடலைமணி. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

காலையில் நிற்கவில்லை. பதினோரு மணி வாக்கில் நின்றது. நின்று, ஆறி, ஓடி, மறுபடி நின்றது.

அடுத்த நாளும் அதே பதினோரு மணி.

திரும்பவும் கடை. மேசை டொக்கென்றது.

"நிக்குது."

"எப்ப?"

"பதினோரு மணிக்கு."

"அந்நேரத்துக்கு யாரு களைச்சுப் போறா?"

"யாரும் களைக்கல. சுடலைமணி டீ குடிச்சிட்டுத் தெம்பாத்தான் இருக்கான்."

அவள் அடுத்த ஆளின் பம்புசெட்டை இழுத்து வைத்துக் கழற்றத் தொடங்கினாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யார் களைத்தது, யார் களைத்தது என்றே ஓடியது. மில்லுக்குள் நுழைந்ததும் வாசலில் அடுக்கியிருந்த பலகைகள் கண்ணில் பட்டன. அறுத்த முகத்தில் பழுப்பாகக் கோடு கோடாகக் கருகல். மரத்தின் நிறமே அப்படித்தான் என்று வருகிறவர்களிடம் ஒரு வருஷமாகச் சொல்லி வந்தார். சொல்லிச் சொல்லி அவரும் நம்பிவிட்டார்.

ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். கிட்டே போய்ப் பெருவிரலால் பல்லைத் தடவினார். தடவின விரலில் கீறல்கூட விழவில்லை.

அரம் எங்கே என்று கேட்டார். சுடலைமணி பரணில் கையை விட்டு எடுத்தான். அரத்தின்மேல் குளவி கூடு கட்டியிருந்தது.

முன்பெல்லாம் டீ வருகிற நேரத்தில் ரம்பத்துக்கு அரம் போடுவார்கள். ஆப்பு வைத்த பிறகு அதற்குத் தேவை வரவில்லை. மழுங்கின பல்லையும் மோட்டார் தள்ளிக்கொண்டு போயிற்று. காலையில் ஆறியிருக்கிற மோட்டாருக்குப் பதினோரு மணிக்குள் சூடு ஏறிவிடும்.

அன்று சாயங்காலம் அவரே உட்கார்ந்து அரம் போட்டார். ஒவ்வொரு பல்லாக.

மறுநாள் பதினோரு மணி வந்தது. போனது. டீ வந்ததும் இன்னொரு தடவை அரம் போட்டார்கள். ரம்பம் நிற்கவில்லை. பலகை வெண்ணெய் மாதிரி வந்தது, முகத்தில் ஒரு கோடு இல்லை.

இரண்டு நாளில் இருபத்தெட்டு பெஞ்சுக்குப் பலகை விழுந்துவிட்டது.

*

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இசக்கியப்பன் முடிய விடவில்லை.

கோடைக்காலம். கரண்ட்டு ஒரு நாளில் ஆறு தடவை போனது. வந்த ஒவ்வொரு தடவையும் யாராவது நாற்பது அடி நடந்து பச்சையை அமுக்க வேண்டியிருந்தது. முன்பு என்றால் கரண்ட்டு வந்ததும் ரம்பம் தானாக ஓடும். நடக்கிற ஒவ்வொரு அடியும் அவருக்கு வெட்டியாகப் பட்டது. பெஞ்சுக்கு இன்னும் ஒன்பதே நாள்.

மோட்டார் எரிந்ததற்குக் காரணம் மழுங்கின பல். அது தெரிந்துவிட்டது. அரமும் போட்டாயிற்று. பின்னே ஆப்புக்கு என்ன தடை?

கணக்கு சரியாகத்தான் வந்தது.

கடைக்குப் போய் ஆப்பைக் கேட்டார்.

அவள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து ஆப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். டொக்.

மறுப்பாள் என்று நினைத்து நாலு பேச்சு யோசித்து வந்திருந்தார். ஒன்றுக்கும் வேலை இல்லை.

"உங்க பொருள் அண்ணாச்சி. சுடலைமணி அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிட்டு வைங்க."

"அவன்கிட்ட என்ன சொல்றது? மில்லு என்னுது."

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மில்லுக்கு வந்தபோது கரண்ட்டு இல்லை. கொட்டகை இருட்டாகவும் அமைதியாகவும் இருந்தது. ரம்பத்தடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நேரே பெட்டிக்குப் போனார். மெயினை இறக்க வேண்டும். கரண்ட்டுதான் இல்லையே, மெயினை வேறு இறக்குவானேன் என்று விட்டுவிட்டார்.

ஆப்பின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு திருப்புளியை எடுத்தார்.

முதல் திருகு வந்தது. இரண்டாவது வந்தது. மூடி அசையவில்லை. அப்போதுதான் மிச்ச இரண்டு திருகு ஞாபகம் வந்தது. அவளை ஒரு வசவு வைதார். மூன்றாவது முரண்டு பிடித்து வந்தது. நாலாவது வரவில்லை. திருப்புளி வழுக்கியது. மறுபடி வழுக்கியது. வியர்வையில் கை நழுவியது. இவளுக்கு யார் இப்படி இறுக்கச் சொன்னது?

டியூப் லைட் சிமிட்டியது.

கரண்ட்டு வந்துவிட்டது. காற்றாடி சுற்றியது. பட்டறை ரேடியோ பாதிப் பேச்சிலிருந்து பேசத் தொடங்கியது.

அடுக்கின மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுடலைமணியின் குரல் வந்தது.

"அத்தான், அங்கன நிக்கது நீங்களா? பச்சையை அமுக்கிராதீங்க. மரச் சில்லு ஒன்னு சிக்கிக்கிட்டு வரமாட்டேங்கு."

இசக்கியப்பன் மரத்தைச் சுற்றி வந்தார்.

சுடலைமணி மண்டியிட்டிருந்தான். மேடைக்கு அடியில், ரம்பப் பல்லுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், மணிக்கட்டு வரைக்கும் கை உள்ளே இருந்தது. இன்னொரு கை பக்கத்தில் ஊன்றியிருந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு துழாவிக்கொண்டிருந்தான்.

இருபத்தாறு வருஷமாக மெயினை இறக்காமல் ரம்பத்தடியில் கை வைக்காதவன்.

"ஏல, மெயினை இறக்கலியா?" குரல் சரியாக வரவில்லை. கயிறு இன்னும் பல்லில் இருந்தது.

"எதுக்கு அத்தான்? இப்பத்தான் தானா ஓடாதுல்லா."

ரேடியோவில் யாரோ நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. ரம்பம் அசையாமல் நின்றது.

சுடலைமணி சில்லை உருவி எடுத்துத் தூரப் போட்டான். எழுந்து முழங்காலைத் தட்டினான்.

"கையைக் காட்டு."

"என்னது?"

"கையைக் காட்டுல."

காட்டினான். இசக்கியப்பன் இரண்டு கையையும் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டார். பத்து. மறுபடி முதலிலிருந்து தொட்டார். அப்போதும் பத்து.

"கல்யாணத்தன்னைக்குக்கூட எங்க அக்கா கையை இப்படிப் பிடிச்சிருக்க மாட்டீங்க" என்றான் சுடலைமணி. "வாயில என்ன அத்தான் தொங்குது?"

அவர் ஆப்பை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மரத்தூள்மேல் அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. சுடலைமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தான் சிரித்து அவன் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

அப்புறம் அவர் எழுந்து, நாற்பது அடி நடந்து, மூன்று திருகையும் திரும்ப மாட்டிவிட்டுப் பச்சையை அமுக்கினார்.

*

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள்.

"வாரேம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வருஷத்தில் அவளுடைய ‘வாங்க’வுக்கு அவர் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

"ரம்பம் நின்னுதா?"

"நின்னுது."

"எப்ப?"

"சுடலைமணி கை உள்ள இருந்தப்ப."

அவள் கையிலிருந்த கம்பி அப்படியே நின்றது.

"கை?"

"பத்தும் இருக்கு. ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

அவள் மூச்சை விட்டாள். சுருளை மேசைமேல் வைத்தாள். டொக்.

இசக்கியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து ஆப்பை எடுத்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். எழுந்து மேசையை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

அவள் சுருளை எடுத்து மறுபடி வைத்தாள். சத்தம் இல்லை.

அவர் போகவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"ரெண்டு திருகு குடு."

"எதுக்கு?"

"அந்தப் பெட்டிக்கு நாலு பத்தாது."